ஓரத்தில் நின்றவருக்கு ஒரு காப்பியம்
(வீரமாமுனிவர் வாழ்வும் தேம்பாவணியும்)

தோற்றுவாய்

பாகூர்ப் பகுதிக்குக் கல்வி புதிதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மன் காலத்தில், இங்கிருந்த வித்தியாஸ்தானம் என்னும் கல்விநிலையத்திற்கு மூன்று ஊர்கள் கொடையளிக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு அறிவிக்கின்றது. அந்த மண்ணின் கடலோரச் சிற்றூராகிய பனித்திட்டில் ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகள் நின்று நிலைத்திருப்பது பழைய வேரில் துளிர்த்த தளிர் எனக் கொள்ளத்தக்கது. இம்மலருக்கு ஒரு வாழ்க்கை வரலாறு எழுதித் தருமாறு நண்பர்கள் பணித்தபோது என் நினைவில் முதலில் எழுந்தது ஒரு படம். அப்படத்தின் வழியாகவே நான் எழுத வேண்டிய மனிதரும் எனக்குத் தோன்றினார்.

சில ஆண்டுகளுக்கு முன் புதுச்சேரி நூலகம் ஒன்றில், பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியர்களின் மைக்கோட்டோவியங்கள் அச்சிடப்பட்ட தொகுப்பு நூலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். இறகுப் பேனாவால் இழுத்த பழுப்புநிறக் கோடுகள். நிழல் வேண்டிய இடத்தில் நீர் கலந்த மைத்தீற்று. ஒளி வேண்டிய இடத்தில் ஒன்றும் தீட்டப்படாத வெறுந்தாள். பச்சை, சிவப்பு முதலிய வண்ணங்களின் துணை இல்லாமல் கோட்டின் ஆற்றலால் மட்டுமே நிற்கும் இவ்வகைப் படத்தை நம் பழந்தமிழர் புனையா ஓவியம் என்று வழங்கினர். அத்தொகுப்பில் ஒரு படம் திருக்குடும்பம் எகிப்துக்குத் தப்பிச் செல்லும் காட்சி. நடுவில் தாயும் சேயும். அவர்கள்மேல் தாளின் வெண்மை முழுவதும் ஒளியாக விழுகின்றது. வானில் இறக்கையுள்ள குழந்தைகள். ஓரத்தில், மைத்தீற்றின் நிழலுக்குள், கழுதையின் கயிற்றைப் பிடித்தபடி ஒரு மனிதர். முகம் தெளிவாக இல்லை; நாலைந்து கோடுகளில் முடிந்துவிட்டார்.

அந்த மனிதரே சூசையப்பர். அவரைக் காப்பியத் தலைவராக்கி 3615 பாடல்கள் பாடிய ஒருவர் நம் தமிழில் இருக்கிறார். அப்படங்கள் பிரான்சில் வரையப்பட்ட அதே நூற்றாண்டில் கொள்ளிடக்கரையில் பனையோலையில் எழுதிய வீரமாமுனிவரே அவர். அவர் வாழ்வை அந்தப் படத்தின் அருகில் வைத்துச் சொல்ல முயல்வதே இக்கட்டுரை.

கஸ்திலியோனே முதல் கொள்ளிடம் வரை

இத்தாலி நாட்டில் மாந்துவாப் பகுதியைச் சேர்ந்த கஸ்திலியோனே என்னும் ஊரில் 1680 நவம்பர் 8 ஆம் நாள் கொன்ஸ்தான்சோ ஜோசப் பெஸ்கி பிறந்தார். அவர் பெயரிலேயே ஜோசப் என்னும் சூசையின் பெயர் அமைந்திருந்தது பின்னர்ப் பொருள் பெற்ற செய்தியாகும். 1698 இல், தம் பதினெட்டாம் அகவையில், இயேசு சபையில் சேர்ந்தார். ரவென்னா, பொலோஞ்ஞா ஆகிய நகரங்களில் கற்றும் கற்பித்தும் வாழ்ந்து, 1709 இல் குருப்பட்டம் பெற்றார். இலத்தீனும் கிரேக்கமும் பயின்று, ஐரோப்பியக் காப்பிய மரபிலும் யாப்பிலும் தோய்ந்த பின்னரே அவர் தமிழுக்கு வந்தார் என்பதை நாம் மறத்தலாகாது. எழுதப் படிக்கத் தெரியாத குழந்தையாக அவர் தமிழிடம் வரவில்லை. ஒரு மொழியில் புலவராக இருந்தவர், மற்றொரு மொழியில் அரிச்சுவடியிலிருந்து தொடங்க உடன்பட்டார்.

லிஸ்பன் துறைமுகத்திலிருந்து கப்பலேறி 1710 அக்டோபரில் கோவா வந்து சேர்ந்தார். மறு ஆண்டு மதுரை மறைப்பணித் தளத்தை அடைந்தார். அத்தளம் 1606 இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் என்னும் இராபர்ட் தெ நொபிலி வகுத்த வழியில் நடந்துகொண்டிருந்தது. காவியுடை, புலால் மறுத்தல், உள்நாட்டுத் துறவியர் நடைமுறை ஆகியன அவ்வழியின் அடையாளங்கள். இத்தளம் போர்த்துகல் அரசின் ஆதரவில் இயங்கியது. புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு இயேசு சபையாரின் கர்நாடக மறைப்பணித் தளம் வேறு. எனவே முனிவர் நம் புதுவையின் குருவாக இருந்தவரல்லர். எனினும் அவருடைய காப்பியம் நம்மிடம்தான் வந்து சேர்ந்தது. அதனைப் பின்னர்க் காண்போம்.

தொடக்க ஆண்டுகளில் காமநாயக்கன்பட்டி முதலிய தென்பகுதி ஊர்களில் பணிபுரிந்தார். 1714-15 ஆம் ஆண்டுகளில் எதிர்ப்பாளர்களால் பிடிக்கப்பட்டு, உயிருக்கே ஊறு நேரும் நிலைக்கு ஆளாகித் தப்பினார். பின்னர் ஏறத்தாழ 1720 முதல் பதினெட்டு ஆண்டுகள், இன்றைய அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள ஏலாக்குறிச்சியைத் தம் இருப்பிடமாகக் கொண்டார். அவ்வூருக்குத் திருக்காவலூர் எனப் பெயரிட்டு, அங்குக் குடிகொண்ட அடைக்கல அன்னைமீது திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார். தைரியநாதர் என்று முதலில் வழங்கிய அவர் பெயர், பின்னர் வீரமாமுனிவர் என்னும் தூய தமிழ் வடிவம் பெற்றது. கொன்ஸ்தான்சோ என்னும் இயற்பெயர் உறுதியையும் நிலைபேற்றையும் குறிப்பது. அப்பொருளே இரண்டு தமிழ்ப் பெயர்களிலும் தொடர்கின்றது.

தமிழை அவருக்குக் கற்பித்தவர் சுப்பிரதீபக் கவிராயர் என்பது வழிவழிச் செய்தி. ஆசிரியரின் பெயர் இவ்வாறு நினைக்கப்படுவதே ஒரு பேறுதான். முப்பது வயதில் புதிய மொழியின் எழுத்துகளை எழுதிப் பழகியவர், நாற்பத்தாறாம் வயதை எட்டிய 1726 ஆம் ஆண்டில் பெருங்காப்பியம் முடித்தார் என்றால், இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளில் அவருக்குப் பாடம் சொன்னவர்கள், ஏடு தந்தவர்கள், பிழை திருத்தியவர்கள் எத்துணைப் பேர் இருந்திருக்க வேண்டும்! வரலாறு அவர்களில் பெரும்பாலோரைப் பதிவு செய்யவில்லை.

பேசாத தலைவர்

இனி அந்தப் படத்தில் நிழலுக்குள் நின்றவரிடம் வருவோம். நற்செய்தி நூல்கள் நான்கு. அவற்றுள் எதிலும் சூசையப்பர் வாய்திறந்து பேசியதாக ஒரு சொல்லும் இல்லை. கனவில் வானவன் சொல்கிறான், அவர் எழுகிறார், செய்கிறார். எகிப்துப் பயணத்தைக் கூறுவது மத்தேயு எழுதிய நூல் மட்டுமே. அதுவும் இரண்டொரு வரிகளில். இரவில் எழுந்து, குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு போனார் என்ற அளவில் செய்தி முடிந்துவிடுகின்றது. வழியில் என்ன உண்டனர், எங்குத் தங்கினர், அஞ்சினரா, அழுதனரா என்பன எவையும் இல்லை. சூசையப்பரின் இறப்பும் அந்நூல்களில் கூறப்படவில்லை. அவர் ஒரு தச்சர், நேர்மையாளர், சொன்னதைச் செய்தவர். இவ்வளவே நமக்குக் கிடைக்கும் செய்தி.

ஓவியர்களுக்கு இந்தக் குறுகிய செய்தி ஒரு வாய்ப்பாக அமைந்தது. பிரெஞ்சு ஓவியர் பிரான்சுவா பூஷே 1757 இல் எகிப்துப் பயணத்தின் இடையே ஓய்வு கொள்ளும் காட்சியைத் தீட்டினார். அவருக்கு முன்னும் பின்னும் பலர் அக்காட்சியை மையாலும் வண்ணத்தாலும் படைத்தனர். அவர்களுக்குப் பாலஸ்தீனத்தின் மணலைவிடத் தம் நாட்டின் மரமும் ஓடையும் இடிந்த தூணும் நெருக்கமாக இருந்தன. அவற்றையே பின்னணியாக வரைந்தனர். அதனை யாரும் குறை கூறியதில்லை. படைப்பாளி தன் கண்ணால் கண்ட மண்ணில்தான் கேட்ட கதையை ஊன்ற இயலும்.

வீரமாமுனிவர் செய்ததும் அதுவே. ஆயினும் அவர் ஊன்றியது தாம் பிறந்த இத்தாலி மண்ணில் அன்று. தாம் வந்து சேர்ந்த தமிழ் மண்ணில். தேம்பாவணியின் தொடக்கத்தில் வரும் நாட்டுப் படலத்தில் சூதேய நாடு மருதநிலமாக விரிகின்றது. மலையில் பிறந்த நீர் ஆறாகி வயலில் பாய்கின்றது, நெல் விளைகின்றது, கரும்பும் தாமரையும் நிறைகின்றன. எருசலேம் மாடமதுரையைப் போன்ற பெருநகராக எழுகின்றது. பாகூர் ஏரிக்கரையில் நின்று வயலைப் பார்த்து வளர்ந்த ஒருவருக்கு அந்த எருசலேம் அயலூராகத் தோன்றாது. சிந்தாமணியும் கம்பனும் வகுத்த நாட்டுப் படலம், நகரப் படலம் என்னும் மரபை அவர் அடியொற்றியதால் விளைந்த பயன் இது.

ஆனால் பின்னணியை மாற்றியது பெரிதன்று. நடுவில் நிற்பவரை மாற்றியதே பெரிது. காப்பியத் தலைவன் தன்னேரில்லாதவனாக இருத்தல் வேண்டும் என்பது தண்டியலங்காரம் கூறும் இலக்கணம். கதையில் தலைமைக்குரியவராக இறைமகன் இருக்கிறார். புகழுக்குரியவராக அவர் தாய் இருக்கிறார். இருவரையும் விடுத்து, ஓரத்தில் கயிற்றைப் பிடித்து நின்ற தச்சரை நடுவிடத்திற்குக் கொணர்ந்து காப்பியத் தலைவராக அமர்த்தினார் முனிவர். சூசை தாவீது அரசனின் வழிவந்தவர் என்பது மறைநூல் மரபு. அதனைப் பயன்படுத்தி, அவர் பிறப்பைக் கூறும் படலத்தில் தாவீது கோலியாத்தை வீழ்த்திய கதையை விரித்துரைத்துக் காப்பியத்திற்கு வேண்டிய வீரச்சுவையையும் குலச்சிறப்பையும் சேர்த்துக்கொண்டார். எனினும் தலைவரின் பெருமை அவர் பிறந்த குலத்தில் நிற்கவில்லை. தமக்குப் பிறவாத ஒரு குழந்தையைக் கைப்பற்றி நடத்தியதிலும், ஐயுற்ற மனத்தை அடக்கித் தெளிந்ததிலும், உழைத்து உண்பித்ததிலுமே அவர் உயர்கிறார்.

பெயரையும் முனிவர் அப்படியே விட்டுவிடவில்லை. சூசை என்று மக்கள் வழங்கியது போர்த்துகீசிய ஒலிப்பின் வழி வந்தது. முனிவர் எபிரேய மூலத்தை நோக்கினார். யோசேப்பு என்னும் பெயருக்குப் பெருகச் செய்தல், மேலும் சேர்த்தல் என்பது பொருள். அப்பொருளைத் தமிழில் வளன் என்று ஆக்கினார். இறைவன் அருளுடையவன் என்று பொருள்படும் யோவான் என்னும் பெயர் கருணையன் ஆயிற்று. ஒலியைப் பெயர்ப்பது எளிது. பொருளைப் பெயர்த்து, அதுவும் ஒரு தமிழ்த்தாய் தன் மகனுக்கு இடத்தக்க பெயராக அமைப்பது கவிஞர்க்கே இயல்வது. வளன் என்று அழைக்கும்போது நாம் ஓர் அயலாரை அழைக்கவில்லை.

ஏட்டில் எழுந்த ஓவியம்

தேம்பாவணி மூன்று காண்டங்களும் முப்பத்தாறு படலங்களும் உடையது. வாடாத மாலை என்றும், தேன் போன்ற பாக்களால் ஆகிய அணி என்றும் அதன் பெயருக்கு இருவகையாகப் பொருள் கூறுவர். சூசையின் வாழ்வைக் குறித்து மறைநூல் கூறாதவற்றுக்கு, ஸ்பெயின் நாட்டுத் துறவியான ஆகிர்த மரியாள் எழுதிய நூல் அவருக்குத் துணைநின்றது என அறிஞர் கருதுவர். ஆனால் செய்தி அங்கிருந்து வந்தாலும் சித்திரம் இங்கேதான் தீட்டப்பட்டது.

எகிப்துப் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். மத்தேயுவில் இரண்டொரு வரியாக இருந்தது தேம்பாவணியில் பல படலங்களாக நீள்கின்றது. நள்ளிரவில் பிறந்த மண்ணை நீங்கும் துயரம், காட்டுவழி, களைத்த தாய், வழியெல்லாம் பணிந்து உதவும் இயற்கை எனக் காட்சிகள் விரிகின்றன. கடந்து செல்லும் இடங்களை ஒட்டி யோசுவா, கெதெயோன், சிம்சோன் முதலிய பழைய ஏற்பாட்டு வீரர்களின் கதைகள் இடையிடையே சொல்லப்படுகின்றன. வழிநடைத் துன்பத்தை ஆற்றக் கதை சொல்லிக்கொண்டு நடப்பது நம் மக்களின் வழக்கம். அந்த வழக்கத்தையே காப்பிய உத்தியாக்கி, ஒரு குடும்பத்தின் பயணத்தில் ஓர் இனத்தின் வரலாற்றை முனிவர் ஏற்றிவைத்தார்.

மறைநூல் வாய்மூடிய இடங்களிலெல்லாம் முனிவரின் எழுத்தாணி ஓடுகின்றது. 2019 இல் வெளிவந்த தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில், கருணையன் தன் தாய் எலிசபெத்தைக் காட்டில் இழந்து புலம்பும் பகுதி இடம்பெற்றுள்ளது. தாயை அடக்கம் செய்துவிட்டுத் தனித்து நிற்கும் மகனுடன் மரமும் மலரும் பறவையும் சேர்ந்து அழுகின்றன. இப்படியொரு காட்சி நற்செய்தி நூல்களில் இல்லை. சூசையின் நோயும், மகனும் மனைவியும் அருகிருக்க அவர் உயிர் நீத்ததும், வானுலகில் அவர் முடிசூட்டப் பெற்றதும் இவ்வாறு வந்தவையே. ஓவியர் வெறுந்தாளாக விட்ட இடத்தை ஒளியாகக் காண்கிறோம். மறைநூல் சொல்லாது விட்ட இடத்தைக் கவிஞர் சொல்லால் ஒளியேற்றினார்.

எழுதுமுறையிலும் ஓர் ஒப்புமை உண்டு. பிரெஞ்சு ஓவியரின் பழுப்பு மையில் ஒருவகை, பீச் போன்ற வன்மரங்களை எரித்த புகைக்கரியைக் காய்ச்சி வடித்துச் செய்யப்பட்டது. தாளில் இறகு வழுக்கிச் செல்லும், மை கோடாகும். நம் ஓலையில் முதலில் கோடு பிறக்கும். மை பின்னர் வரும். எழுத்தாணி ஓலையைக் கீறிச் செல்கையில் எழுதியவருக்கே எழுத்து தெளிவாகத் தெரியாது. கரி தடவித் துடைத்த பின்னரே எழுத்து எழுந்து நிற்கும். இறகுப் பேனாவில் பழகிய கை, எழுத்தாணியில் பழகி, இத்துணை ஆயிரம் பாடல்களைக் கீறச் செய்தது என்பதை எண்ணும்போது, கவித்துவத்தோடு உடலுழைப்பையும் நாம் வணங்க வேண்டியவர்களாகிறோம்.

ஒரு சுழியும் ஒரு கொம்பும்

ஓலையில் எழுதிய பட்டறிவே முனிவரை எழுத்துச் சீர்திருத்தத்திற்குக் கொண்டுசென்றது. எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும். நெடில்கள் புள்ளியின்றி நிற்கும் என்பது தொல்காப்பிய நெறி. ஆனால் ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று அஞ்சி எழுதுவோர் புள்ளியை விட்டுவிடுவர். அதனால் செறுவா சேறா, கொடுவா கோடா, எரியா ஏரியா என்று இடம்நோக்கி உணர வேண்டிய நிலை இருந்தது. வயலைக் குறிக்கும் செறுவும் அதில் உள்ள சேறும் நம் உழவர்க்கு வேறுவேறு. ஏட்டில் மட்டும் ஒன்றாக இருந்தன. நெடிலுக்கு ஏகாரத்தில் ஓர் இழுப்பும், ஓகாரத்தில் ஒரு சுழியும், உயிர்மெய்யில் மேலே சுழித்த இரட்டைக் கொம்பும் அமைத்து முனிவர் அக்குழப்பத்தைப் போக்கினார். இன்று நாம் ஒவ்வொருவரும் நாள்தோறும் அவர் வரைந்த அந்தக் கோட்டை எழுதிக்கொண்டிருக்கிறோம். தேம்பாவணி என்னும் நூற்பெயரின் முதலெழுத்திலேயே அவருடைய கொம்பு நிற்கின்றது.

பிற பணிகளைச் சுருங்கச் சுட்டலாம். 1727 இல் வேதியர் ஒழுக்கம் என்னும் உரைநடை நூல். 1728 இல் பேச்சுத்தமிழுக்குரிய கொடுந்தமிழ் இலக்கணம். 1730 இல் ஐந்திலக்கணமும் கூறும் தொன்னூல் விளக்கம். 1732 இல் பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகள் கொண்ட சதுரகராதி. மனப்பாடம் செய்தற்குரிய நிகண்டுச் செய்யுளை விடுத்து, தேடி எடுத்தற்குரிய அகரவரிசையை முனிவர் தேர்ந்தது தமிழ் அகராதிக் கலைக்கு வழிகோலியது. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார்; துறவியாகையால் காமத்துப்பாலை விட்டுவிட்டார் போலும். அறிவிலாக் குருவையும் ஐந்து சீடரையும் வைத்து அவர் எழுதிய பரமார்த்த குருவின் கதை, புலவர் அறியா வீடுகளிலும் சிரிப்பொலியாக இன்றும் வாழ்கின்றது.

இன்றைய கடலூர் மாவட்டம் விருத்தாசலத்தை அடுத்த கோனான்குப்பத்தில் அவர் நிறுவிய பெரியநாயகி அன்னையின் திருவுருவம் தமிழ்ப் பெண்ணின் புடைவையில் காட்சியளிக்கின்றது. சொல்லில் செய்ததையே சிற்பத்திலும் செய்வித்தார் என்று இதனைக் கொள்ளலாம்.

குறைகளும் ஐயங்களும்

வாழ்த்துவது மட்டும் வரலாறு ஆகாது. தேம்பாவணி எளிதில் படித்து முடிக்கத்தக்க நூலன்று. மடக்கும் திரிபும் அருஞ்சொற் கோவையும் மிகுந்து, உணர்ச்சி ஓட வேண்டிய இடத்தில் புலமை வழிமறிக்கும் பாடல்கள் அதில் உண்டு. பிற சமயங்களைப் பழிக்கும் பகுதிகளும் உள்ளன. தரங்கம்பாடி லுத்தரன் சபையாரோடு அவர் நடத்திய சமயப் போரின் நூல்களில் காணும் கடுமை இன்றைய நல்லிணக்க மனத்திற்கு உவப்பானதன்று. ஆயினும் அந்த எதிர்த்தரப்பாரின் தரங்கம்பாடி அச்சகமே 1738 இல் அவருடைய கொடுந்தமிழ் இலக்கணத்தை அச்சிட்டது என்பது சுவையான செய்தி. சமயத்தில் பகைத்தவர்கள் தமிழில் ஒன்றுபட்டனர்.

அயல்நாட்டார் ஒருவர் இத்தகைய காப்பியம் பாட இயலுமா, சுப்பிரதீபக் கவிராயரே பாடிக் கொடுத்தாரா என்னும் ஐயத்தை எழுப்பியவர்களும் உண்டு. நூலை ஊன்றிக் கற்பார்க்கு இவ்வையம் நில்லாது. மறைநூற் செய்திகளைக் கையாளும் உரிமை, இலத்தீன் காப்பியங்களின் சாயல், அவருடைய பிற நூல்களோடு ஒத்த சொல்லாட்சி ஆகியன ஆசிரியர் ஒருவரே எனக் காட்டும். எனினும் ஆசிரியரின் துணையில்லாமல் இது நிகழ்ந்திராது என்பதையும் ஒப்புக்கொள்வதே நேர்மை. ஐயத்தை மறுக்கும் ஆர்வத்தில் தமிழாசிரியரை நாம் நிழலுக்குள் தள்ளிவிடக் கூடாது.

அவர் பல்லக்கில் சென்றார், புலித்தோலில் அமர்ந்தார், சந்தாசாகிப்பின் திவானாக விளங்கினார் என்னும் செய்திகள் 1822 இல் முத்துசாமிப் பிள்ளை எழுதிய வரலாற்றின் வழியாகப் பரவின. பிற்கால ஆராய்ச்சியாளர் இவற்றுள் பலவற்றை ஏற்பதில்லை. சூசையை எளிமையின் வடிவாகப் பாடியவருக்குப் பல்லக்கும் புலித்தோலும் அணிவித்துப் பார்க்க நாம் விரும்பியது நம் மனத்தின் இயல்பைக் காட்டுகின்றது. பெரியோரை நடுவிடத்தில் ஒளியோடு நிறுத்தினால்தான் நமக்கு மனநிறைவு.

இறுதி நாட்களும் புதுவை அச்சும்

திருச்சிராப்பள்ளி அரசியல் போர்களில் சிக்குண்ட காலத்தில் முனிவர் ஏலாக்குறிச்சியை நீங்கித் தெற்கே சென்றார். 1742 இல் மணப்பாட்டில் மறைந்தார் என்று பழைய நூல்கள் எழுதின. இயேசு சபைப் பதிவுகளைக் கொண்டு, 1747 பிப்ரவரி 4 ஆம் நாள் கேரளத்தின் அம்பழக்காட்டில் காலமானார் என இன்று கொள்ளப்படுகின்றது. முப்பத்தாறு ஆண்டுகள் தமிழை மூச்சாகக் கொண்டவரின் இறுதி, தமிழ் வழங்கும் எல்லைக்குச் சற்று அப்பால் நிகழ்ந்தது. பிறந்த ஊருக்கு அவர் திரும்பவே இல்லை.

1773 இல் இயேசு சபையே கலைக்கப்பட்டது. காப்பியம் ஏடுகளிலும் கையெழுத்துப் படிகளிலும் அங்கங்கே கிடந்தது. எல்லிஸ் முதலிய ஆங்கில அறிஞர்கள் அவருடைய நூல்களைத் தேடித் தொகுத்தனர். பரமார்த்த குருவின் கதை 1822 இல் இலண்டனில் அச்சேறியது. ஆனால் அவருடைய தலைசிறந்த படைப்பாகிய தேம்பாவணி மையேறிய இடம் நம் புதுச்சேரி. 1851 முதல் 1853 வரை மூன்று தொகுதிகளாக இங்குள்ள மறைப்பணி அச்சகம் அதனை வெளியிட்டது. எழுதி முடித்து 125 ஆண்டுகள் கழித்து, பிரெஞ்சு ஆட்சிப் பகுதியில், பிரெஞ்சுக் குருமாரின் அச்சகத்தில், இத்தாலியர் பாடிய தமிழ்க் காப்பியம் தாளில் பதிந்தது. ஓலைக் கீறலில் கரியாக இருந்த எழுத்து அச்சு மையாக மாறியது இம்மண்ணில்தான் என்பதைப் புதுவைக் கவிஞர்கள் உரிமையோடு நினைவுகூரலாம். 1968 இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை எழுந்தது.

நிறைவாக

முனைவர் பட்ட ஆய்வுக்குத் தேம்பாவணியை எடுத்துக்கொண்டு, அதன் அணிகளையும் யாப்பையும் எண்ணிக் கணக்கிட்டவள் நான். அந்தக் காப்பியத்தின் தலைவர் மூலநூலில் ஒரு சொல்லும் பேசாதவர் என்பது என் ஆய்வேட்டில் ஓரிடத்திலும் இல்லை. அந்தப் பிரெஞ்சு மைக்கோட்டோவியத்தின் முன் அமர்ந்தபோதுதான் அது எனக்கு உறைத்தது.

என் தந்தையார் மரவேலை செய்தவர். கதவும் கட்டிலும் செய்வார். கடற்கரையில் படகுகளுக்குப் பழுது பார்ப்பார். அவர் பேசிக் கேட்டது மிகக் குறைவு. என் கல்லூரிக் கட்டணத்திற்காகத் தம் உளிகளில் சிலவற்றை விற்றதை அவர் சொல்லவில்லை. அவர் மறைந்த பின் அம்மா சொன்னார். எங்கள் வீட்டில் உள்ள திருமண நிழற்படம் ஒன்றில், நடுவில் நாங்களெல்லாம் நிற்க, அவர் ஓரத்தில் பாதி மறைந்து நிற்கிறார். அன்று நூலகத்தில் அந்தப் படத்தை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் ஓவியக்கலை அறிவு அன்று.

எல்லா வீட்டுப் படங்களிலும் ஓரத்தில் ஒருவர் நிற்கிறார். பிரெஞ்சு ஓவியர் அவரை நாலைந்து கோடுகளில் வரைந்தார். அதுவும் உண்மையான பார்வையே, ஏனெனில் அவர் அங்கேதான் நின்றார். வீரமாமுனிவர் அவரருகே சென்று, அவர் பெயரின் பொருள் யாது என்று கேட்டு, அவர் நடந்த வழியெல்லாம் உடன் நடந்தார். தேம்பாவணியின் அருஞ்சொற்கள் நமக்கு மறந்துபோனாலும், அந்தச் செயல் கவிஞர்க்கு வழிகாட்டியாக நிற்கத்தக்கது.

பத்தாண்டு கண்ட நம் இலக்கிய வட்டத்திலும், மேடையேறாமல் பாய் விரித்தவர்களும், தேநீர் கொணர்ந்தவர்களும், கடைசி வரிசையில் அமர்ந்து கேட்டுச் சென்றவர்களும் உண்டு. அடுத்த பத்தாண்டில் நம் கவிஞர்களின் பாடல்களில் அவர்களும் இடம்பெறட்டும் என வாழ்த்தி அமைகின்றேன்.